துரோகி என்று சொல்வதற்கு முன்: எம்.சி. ராஜாவின் அரசியல் வாழ்வு

(படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. கவிதை வாசிக்கக் கூப்பிட்டால் வந்துவிடுவேன். பேசச் சொன்னால் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேச முடியும். இன்றைக்கும் அப்படித்தான் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். நடுவில் குனிந்து படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கூட்டத்தில் நாம் ஒரு காரியம் செய்தோம். தீர்மானப் புத்தகத்தில் அது இல்லை. நம்மோடு பல வருஷம் சுவரொட்டி ஒட்டி, சைக்கிளில் சேரி சேரியாக அலைந்த தோழர் ஒருவர், பெரிய கட்சி ஒன்றின் சின்னத்தில் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு நிற்கப் போகிறார் என்று செய்தி வந்தது. ‘துரோகி’ என்று ஒருவர் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் தலையாட்டினேன். இரண்டு நிமிஷத்தில் ஒரு மனுசனோட கணக்கை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வரலாற்றில் இந்தப் பட்டத்தை அதிகம் சுமந்தவர் யார் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். எம்.சி. ராஜா ஞாபகத்துக்கு வந்தார். அதனால்தான் இன்றைக்கு வேறொரு தலைப்பில் பேசுவதாக ஒத்துக்கொண்டிருந்த நான், அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதில் தங்கிப் படித்திருக்கிறார்கள். அங்கே தங்கிப் படித்த நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன்: ‘யாருப்பா இந்த எம்.சி. ராஜா?’ ‘ஏதோ பழைய ஜமீன்தார்னு நெனச்சேன்’ என்றார் ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் படித்தவர். அவர் சொன்னார்: ‘அம்பேத்கருக்கு எதிரா மூஞ்சேயோட ஒப்பந்தம் போட்டவர்தானே?’ ஒருத்தருக்கு அவர் ஜமீன்தார், இன்னொருத்தருக்குத் துரோகி. நடுவில் ஒரு மனிதரின் 25 வருஷ அரசியல் காணாமல் போயிருக்கிறது.

அவர் ஜமீன்தார் அல்ல, பள்ளிக்கூட வாத்தியார். 1883இல் சென்னையில் பிறந்தவர். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் கிறித்துவக் கல்லூரியிலும் படித்தவர். பாடப்புத்தகங்கள் எழுதியவர். ஆதிதிராவிட மகாஜன சபையில் செயல்பட்டு, 1920இல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள் போகிறார். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் அந்த மன்றத்துக்குள் போக நியமனம்தான் பெரிய வாசல். ஓட்டுரிமை சொத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. சேரியில் யாருக்குச் சொத்து? உள்ளே போனவர் நீதிக்கட்சியோடு நின்றார். பார்ப்பனரல்லாதார் எல்லாரும் ஒன்று என்று அந்தக் கட்சி சொன்னதை நம்பித்தான் நின்றார்.

1922இல் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக அரசுப் பதிவேடுகளில் ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என அரசாணை வந்தது. இன்றைக்கு உங்கள் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் ‘ஆதிதிராவிடர்’ என்று இருக்கிறதே, அந்தச் சொல் அங்கே சும்மா வந்து உட்கார்ந்துவிடவில்லை. வசவாக வழங்கிய பெயரைத் தாளிலிருந்து எடுக்கவே ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது. இதை அவருடைய வரவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அடியும் அதே காலத்தில்தான் விழுந்தது. அரசு வேலைகளில் பார்ப்பனரல்லாதாருக்குப் பங்கு தரும் வகுப்புவாரி ஆணையை 1921இல் நீதிக்கட்சி அரசு போட்டது. அதில் நம் மக்களுக்கு என்று தனியாகப் பங்கு இல்லை. ராஜா போய்க் கேட்டார், பதில் இல்லை. அதே 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் இன்னொரு பக்கம். புளியந்தோப்புச் சேரி எரிந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொழிற்சங்கத்தில் ஒரு நாளும் சமமாக நடத்தாதவர்கள் வேலைநிறுத்தத்தன்று மட்டும் ‘வர்க்கமாகத் திரண்டு வா’ என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? இதை அன்று கேட்க ஆள் இல்லை. வெள்ளைக்கார அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் கலவரத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களே பேசினார்கள். குடிசையைப் பறிகொடுத்தவன்தான் குற்றவாளி ஆனான்.

ராஜா எதிர்த்துப் பேசினார். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். இதுதான் அவர் வாழ்வின் முதல் திருப்பம். பார்ப்பனரல்லாதார் என்ற பெரிய குடைக்குள் நமக்கு இடம் உண்டா என்ற கேள்வியை 1990களில் நாம்தான் புதிதாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டோம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் 1923இலேயே கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். வெளியே வந்தவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பார் சங்கத்துக்கு அவர் தலைவரானார். 1927இல் மத்திய சட்டமன்றத்துக்குப் போனார். சைமன் குழுவோடு சேர்ந்து வேலை செய்த இந்திய மத்தியக் குழுவில் நம் தரப்பு உறுப்பினராக இருந்தார். பெயரும் மரியாதையும் இருந்தன, ராவ் பகதூர் பட்டமும் இருந்தது. ஆனால் அந்தச் சங்கம் தீர்மானம் போடவும் மனுக் கொடுக்கவும் தூது போகவும் ஆன சங்கம். சேரிக்குச் சேரி கிளை வைத்து, தலைவரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற கட்சியாக அது வளரவில்லை.

இரண்டாவது திருப்பம்தான் அவர் பெயரைக் கெடுத்தது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு நம் மக்கள் சார்பில் அழைக்கப்பட்டவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். ராஜாவுக்கு அழைப்பு இல்லை. மத்திய சட்டமன்றத்தில் மூன்று வருஷமாக நம் தரப்பைப் பேசி வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? மனுசன்தானே, வலிக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாவற்றையும் அந்த வலியின் தலையில் கட்டிவிட்டால் நாம் அரசியலைப் படிக்கவில்லை, குடும்பச் சண்டையைப் படிக்கிறோம் என்றாகிவிடும்.

அதுவரை தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்தவர், 1932இல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டுத் தொகுதிக்கு மாறினார். மக்கள்தொகைக்கு ஏற்ப இட ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஓட்டு எல்லாரும் சேர்ந்து போடுவது. அவர் பக்கத்து நியாயம் இதுதான்: ஒவ்வொரு ஊரிலும் நாம் சிறுபான்மை. நம் ஓட்டைத் தனியாகப் பிரித்துவிட்டால் ஊர்க்காரன் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வரவே மாட்டான், நாம் இன்னும் ஒதுங்கிப் போவோம். இந்த வாதத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கும் நம் தெருவில் பலர் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்.

ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். நூறு ஓட்டு இருக்கிற ஊரில் சேரிக்கு இருபது ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித் தொகுதிக்கு நம் ஆள்தான் நிற்க முடியும், சரி. நம் ஆட்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருத்தர் கூலி உயர்வு கேட்டவர், இன்னொருத்தர் ஐயா வீட்டுக் கொல்லையில் கைகட்டி நிற்பவர். சேரியின் இருபது ஓட்டும் முதல் ஆளுக்கே விழுந்தாலும், ஊரின் எண்பது ஓட்டு யாரைத் தேர்ந்தெடுக்கும்? நம் சார்பாகப் பேசுகிறவரை நம் எதிராளி தேர்ந்தெடுக்கிறான். கூட்டுத் தொகுதியின் உள்வேலை இவ்வளவுதான். இதைத் தெரிந்துதான் அம்பேத்கரும் சீனிவாசனும் ராஜா-மூஞ்சே ஒப்பந்தத்தை ஏற்கவில்லை.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியும் பொதுத் தொகுதியில் இன்னொரு ஓட்டும் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் 18 இடங்கள். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். இடங்கள் சென்னையில் 30 ஆகவும், எல்லா மாகாணங்களிலும் சேர்த்து 148 ஆகவும் கூடின. இரட்டை ஓட்டு போய்விட்டது. நம் ஆட்கள் மட்டும் ஓட்டுப்போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நான்கு பேரில் யார் என்பதை ஊரே சேர்ந்து முடிவு செய்யும். எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை கைமாறியது.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்தில் ராஜாவின் கையெழுத்து இருக்கிறது. சீனிவாசன் கையெழுத்தும் அம்பேத்கர் கையெழுத்தும் இருக்கின்றன. கையெழுத்துதான் துரோகத்துக்கு அளவுகோல் என்றால் மூன்று பேரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டிவரும். நாம் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. அம்பேத்கர் எந்த நெருக்கடியில் கையெழுத்துப் போட்டார் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை ராஜாவுக்கும் கேட்க வேண்டும். கேட்டால் பதில் ஒன்றாக இருக்காது. அம்பேத்கரின் கையைப் பிடித்துத் திருப்பினார்கள். ராஜா ஆறு மாதம் முன்பே தானாகக் கையை நீட்டினார். நம் தரப்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று எதிராளி சொல்ல அது வாய்ப்புக் கொடுத்தது. இது தவறுதான், பெரிய தவறு. அதை மறைத்து அவருக்கு மாலை போட நான் வரவில்லை.

தவறு செய்தவருக்கு அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1935இல் இயோலாவில் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவிக்கிறார். 1936இல் மூஞ்சே ராஜாவுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒடுக்கப்பட்டவர்கள் கிறித்துவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போகாமல் சீக்கியத்துக்குப் போனால் இந்து மகாசபைக்கு ஆட்சேபம் இல்லை, இதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று கேட்கிறார். நாலு வருஷம் முன்பு, ‘இந்து சமூகத்தோடு ஒன்றாக இருங்கள்’ என்று கைகுலுக்கிய அதே மூஞ்சேதான். ராஜா மறுத்தார். எங்கள் மக்களை ஒரு மதக் கணக்கிலிருந்து இன்னொரு மதக் கணக்குக்கு மாற்றுகிற பேரத்துக்கு நான் உடன்பட மாட்டேன் என்பதுதான் அவர் நிலை. மதமாற்றம் பற்றி நமக்கு அவரோடு கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எதிரில் இருப்பவன் தன்னை எதற்குப் பயன்படுத்துகிறான் என்பது அவருக்கு அப்போது புரியத் தொடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1937 தேர்தலில் சென்னையில் 215 இடங்களில் காங்கிரஸ் 159 பிடித்தது. ஆளுநரின் அதிகாரம் பற்றிய தகராறில் உடனே பதவி ஏற்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்ம வெங்கட ரெட்டி தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை நடந்தது. அதில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சர். சட்டமன்றத்தில் பலம் இல்லாத அமைச்சரவை, மூன்றரை மாதம். ‘பதவி ஆசை’ என்றார்கள். இருக்கட்டும். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சாதியைச் சேர்ந்தவர் மூன்றரை மாதம் நாற்காலியில் உட்கார்ந்தால் அது பதவி ஆசை. ஜமீன்தார்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் அது பொதுச்சேவை!

மூன்றாவது அடி 1938இல். ராஜாஜி ஆட்சி. சட்டமன்றத்தில் ராஜா இரண்டு மசோதாக்களைக் கொண்டுவருகிறார். ஒன்று, பொதுக் கிணறு, பொதுச் சாலை, பொது நிறுவனங்களில் நம்மைத் தடுப்பதைச் சட்டவிரோதமாக்குவது. அது நிறைவேறிச் சட்டமானது. வரவுக் கணக்கில் இரண்டாவது வரி. மற்றொன்று, கோயில் நுழைவு மசோதா. அதைத் திரும்பப் பெறச் சொன்னார் ராஜாஜி. மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் கொண்டுவருகிறோம், இப்போதைக்கு அது போதும் என்றார்கள். ராஜா திரும்பப் பெற மறுத்தார். ஓட்டெடுப்பு நடந்தது. காங்கிரஸ் பெரும்பான்மை மசோதாவைத் தோற்கடித்தது. ராஜா காந்திக்குக் கடிதம் எழுதினார். உங்கள் உயிருக்காக நாங்கள் விட்டுக்கொடுத்தோமே, உங்கள் கட்சி இப்படிச் செய்யலாமா என்பதுதான் அதன் சாரம். ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது.

அந்த மன்றத்தில்தான் பூனா ஒப்பந்தம் கொடுத்த 30 இடங்களும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் காங்கிரஸ் சின்னத்தில் வந்த நம் ஆட்கள். கட்சிக் கட்டளைக்கு முன்னால் அந்த எண்ணிக்கை ராஜாவின் மசோதாவைக் காப்பாற்றவில்லை. அவர்களைத் திட்டிப் பயன் இல்லை. ஊர் ஓட்டில் ஜெயித்தவன் ஊரைப் பகைத்துக்கொண்டு கை தூக்க முடியாது. 1932இல் ராஜா எந்த ஏற்பாட்டுக்குக் கை நீட்டினாரோ, அதே ஏற்பாடு 1938இல் அவர் கண் முன்னாலேயே அவருடைய மசோதாவைத் தோற்கடித்தது. இதைவிடப் பெரிய தண்டனையை எந்தத் துரோகப் பட்டமும் ஒரு மனிதனுக்குக் கொடுத்துவிட முடியாது. அவர் கேட்ட முழுமையான கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1947இல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நம்மில் பலருக்குத் தெரியாத கடைசித் திருப்பம் ஒன்று உண்டு. 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு டெல்லிக்கு வந்தது. மார்ச் 30ஆம் தேதி ஒடுக்கப்பட்ட மக்கள் சார்பாக கிரிப்ஸைச் சந்தித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர், இன்னொருவர் எம்.சி. ராஜா. இந்தத் திட்டம் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் எங்களைச் சாதி இந்துப் பெரும்பான்மையிடம் ஒப்படைக்கிறது என்று இருவரும் சேர்ந்து எதிர்த்தார்கள். பத்து வருஷம் எதிரெதிராக நின்றவர்கள். அம்பேத்கர் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டுதான் பேசுவேன் என்று சொல்லவில்லை. ராஜா தன் கௌரவத்தைப் பார்த்து விலகிப் போகவில்லை. அடுத்த வருஷம், 1943இல், ராஜா இறந்துபோனார். திரும்பி வந்தவருக்கு நேரம் இருக்கவில்லை.

அந்த 1942 ஜூலையில் இரண்டு காரியம் நடந்தது. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதுவும் நியமனப் பதவிதான். அதே மாதம் நாகபுரியில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. நம்ம சென்னை என். சிவராஜ் அதன் தலைவர். பதவியும் அமைப்பும் ஒரே மாதத்தில். ராஜாவுக்கும் அம்பேத்கருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். இருவரும் பிறர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆனால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தால் திரும்பிப் போக ஒரு வீடு வேண்டும் என்பதில் அம்பேத்கர் கவனமாக இருந்தார். ராஜாவுக்கு அந்த வீடு இருக்கவில்லை. நீதிக்கட்சியை விட்டு வந்தபோது தனியாக வந்தார். மூஞ்சேயிடம் தனியாகப் போனார். ராஜாஜியின் முன்னால் தனியாக நின்று தோற்றார். அவர் பிறரோடு உட்கார்ந்ததை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். தனியாகப் போய் உட்கார்ந்ததுதான் அவர் அரசியலின் பலவீனம்.

நான் வங்கியில் வேலை செய்கிறவன். சாயங்காலம் வரவும் பற்றும் ஒத்து வராவிட்டால் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு லெட்ஜரை மூடினால் அதற்குப் பெயர் மோசடி. ராஜாவின் பற்றுப் பக்கத்தில் 1932 இருக்கிறது, அழிக்க முடியாது. வரவுப் பக்கத்தில் 1922 இருக்கிறது, 1938 இருக்கிறது, 1942 இருக்கிறது. இரண்டையும் எழுதாமல் நாம் கணக்கை மூடியிருக்கிறோம்.

இன்றைக்கு வருகிறேன். தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் நமக்கு 44 தனித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நான்கு பேரை நாமே பொறுக்குகிற அந்த முதல் சுற்றுத் தேர்தலும் இன்று இல்லை. 1938இல் கட்சிக் கட்டளையை மீறினால் கட்சியில் கெட்ட பெயர், அவ்வளவுதான். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகும். ராஜாவைத் தோற்கடித்த பொறி இன்றைக்கு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. இந்த நிலையில் உள்ளே போகிற ஒவ்வொரு நம் ஆளையும் துரோகி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால், பொறியைச் செய்தவன் சௌகரியமாக உட்கார்ந்திருப்பான்.

அதனால், அந்தத் தோழரைப் பற்றி. அவர் போனது சரி என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் ‘ஏன் போனாய்’ என்பதைவிட வேறு கேள்விகள் முக்கியம் என்று தோன்றுகிறது. ஜெயித்தால் மாதம் ஒருமுறை சேரியில் உட்கார்ந்து கணக்குச் சொல்வாயா? சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினையில் உன் கட்சி ஊர் பக்கம் நின்றால் நீ எங்கே நிற்பாய்? எழுந்து வர வேண்டிய நாள் வந்தால் எங்கே வருவாய்? கடைசிக் கேள்வி அவருக்கு இல்லை, நமக்கு. அவர் வந்தால் உட்கார வைக்க நாம் என்ன வைத்திருக்கிறோம்? இந்த வாடகை அறையும் பாதி சந்தா பாக்கியும்தானே? வீட்டைக் கட்டாமல் விட்டுவிட்டு, வெளியே போனவனை வையலாமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். தலையாட்டியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். சண்டை வந்தாலும் வரட்டும், நேரில் போடுகிற சண்டைதானே. கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் சொல்லுங்கள்.